ஆறு நாயகர்கள், ஒரு சூழ்ச்சிக்காரன்: ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தின் குழு அமைப்பு

‘தி அவெஞ்சர்ஸ்’ 2012 மே 4 அன்று அமெரிக்காவில் வெளியானது. மார்வெல் ஸ்டுடியோஸ் வரிசையில் அது ஆறாவது படம். ஜாஸ் வீடன் எழுதி இயக்கினார். கதையில் ஸாக் பென்னுக்கும் பங்குண்டு. தயாரிப்பாளர் கெவின் ஃபைகி. தனித்தனிப் படங்களில் அறிமுகமான சூப்பர்ஹீரோக்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தும் முயற்சி அதற்கு முன் இந்த அளவில் நடந்ததில்லை. 143 நிமிடங்களில் ஆறு நாயகர்களுக்கும் ஒரு வில்லனுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்; அவர்களுள் நால்வர் தனிப்படத்தின் தலைப்பையே பிடித்திருந்த பாத்திரங்கள். இந்தச் சிக்கலை வீடன் தீர்த்த முறையில்தான் படத்தின் சிறப்பு இருக்கிறது. நாயகர்களின் ஆற்றல்களைக் கூட்டிக் காட்டுவதைவிட, அவர்களுக்கிடையிலான பகையைக் கதையின் மையத்தில் வைத்தார். வில்லனையும் அந்தப் பகையைத் தூண்டிவிடக்கூடியவனாகவே அமைத்தார்.

காமிக்ஸில் தொடக்கம்

சூப்பர்ஹீரோக்களைக் குழுவாகச் சேர்க்கும் வழக்கம் 1940இல் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் வந்த ‘ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா’விலிருந்து தொடங்குகிறது. 1960இல் டி.சி. நிறுவனம் அந்த எண்ணத்தைப் புதுப்பித்து ‘ஜஸ்டிஸ் லீக்’ குழுவை உருவாக்கியது. மார்வெல் நிறுவனம் 1961இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கதையைக் கொண்டுவந்தது. 1963 செப்டம்பர் தேதியிட்ட முதல் இதழுடன் ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரையும் தொடங்கியது. எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜேக் கிர்பி. அயர்ன் மேன், தோர், ஹல்க், ஆன்ட்-மேன், வாஸ்ப் ஆகிய ஐவரே முதல் உறுப்பினர்கள். கேப்டன் அமெரிக்கா நான்காம் இதழில், பனிக்கட்டிக்குள் உறைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டுக் குழுவில் சேர்கிறார்.

முதல் இதழின் கதையே படத்துக்கும் விதை. தன் அண்ணன் தோரை வம்புக்கிழுக்க நினைக்கும் லோகி, ஹல்க் மீது பழி விழும்படி ஒரு சூழ்ச்சி செய்கிறான். உதவி கேட்டு அனுப்பப்படும் வானொலிச் செய்தியைத் தோருக்கு மட்டும் எட்டும்படி அவன் திசை திருப்புகிறான். ஆனால் அது மற்ற நாயகர்கள் காதிலும் விழுந்துவிடுகிறது. ஒருவனைப் பிடிக்க விரித்த வலையே ஐவரை ஒன்றுசேர்த்துவிடுகிறது. அடுத்த இதழிலேயே ஹல்க் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டுப் போகிறான். ஒற்றுமை எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்ற நிலை இந்தக் குழுவுக்குப் பிறப்பிலேயே அமைந்தது.

படம் கடன்பட்ட இன்னொரு நூல், 2002இல் மார்க் மில்லர் எழுதி பிரையன் ஹிட்ச் வரைந்த ‘தி அல்டிமேட்ஸ்’. அரசு அமைப்பு ஒன்றின் கீழ் இயங்கும் குழு, சிட்டௌரி என்னும் வேற்றுக்கிரகப் படை ஆகியவை அதிலிருந்து வந்தவை. அதில் அந்த அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரியின் முகமே நடிகர் சாமுவேல் எல். ஜாக்சனின் சாயலில் வரையப்பட்டிருந்தது. பின்னர் திரையில் அந்தப் பாத்திரத்தை ஏற்றவரும் அவரே.

உரிமைகளும் முதலீடும்

1996இல் மார்வெல் திவால் நிலைக்குப் போனது. அந்த நெருக்கடிக் காலத்தை ஒட்டி அதன் புகழ்பெற்ற பாத்திரங்களின் திரைப்பட உரிமைகள் பல நிறுவனங்களுக்குப் பிரிந்து போயின. ஸ்பைடர்-மேன் சோனியிடமும், எக்ஸ்-மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஆகியவை ஃபாக்ஸ் நிறுவனத்திடமும் இருந்தன. சொந்தமாகப் படம் எடுக்க முடிவு செய்தபோது மார்வெலின் கையில் எஞ்சியிருந்தவை பொது ரசிகர்களுக்கு அவ்வளவாக அறிமுகமில்லாத பாத்திரங்களே. 2005இல் மெரில் லிஞ்ச் நிறுவனத்துடன் 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. அதற்கு ஈடாக வைக்கப்பட்டவை பத்துத் தலைப்புகளின் திரைப்பட உரிமைகள். கேப்டன் அமெரிக்காவும் அவெஞ்சர்ஸும் அவற்றுள் இருந்தன.

2008இல் வெளியான ‘அயர்ன் மேன்’ படத்தின் இறுதியில், பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு நிக் ஃப்யூரி தோன்றி ஒரு குழுவைப் பற்றிப் பேசுகிறார். அந்தச் சில நொடிகள் அடுத்த நான்கு ஆண்டுத் திட்டத்துக்கான அறிவிப்பாக அமைந்தன. அதே ஆண்டில் ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’, 2010இல் ‘அயர்ன் மேன் 2’, 2011இல் ‘தோர்’, ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ ஆகியவை வந்தன. இடையில் 2009இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியது. ‘தி அவெஞ்சர்ஸ்’ டிஸ்னியின் விநியோகத்தில் வெளியான முதல் மார்வெல் ஸ்டுடியோஸ் படம்.

முன்பே வந்த தனிப்படங்களால் திரைக்கதைக்குப் பெரிய வசதி கிடைத்தது. ஒருவர் எப்படி நாயகரானார் என்ற முன்கதையைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அவர்கள் சந்தித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்தே வீடன் தொடங்க முடிந்தது.

கதையின் கட்டமைப்பு

டெசராக்ட் என்னும் ஆற்றல்மிக்க நீலக் கனசதுரம் ஷீல்டு என்ற உளவு அமைப்பின் ஆய்வகத்தில் இருக்கிறது. லோகி அதன்வழியே பூமிக்கு வந்து அதைக் கவர்ந்து செல்கிறான். தன் செங்கோலால் அறிவியலர் எரிக் செல்விக்கையும் உளவாளி கிளின்ட் பார்ட்டனையும் வசப்படுத்திக்கொள்கிறான். சிட்டௌரி படையைப் பூமிக்குள் விட ஒரு வாயில் திறப்பதே அவன் திட்டம். அவனைத் தடுக்க ஷீல்டின் தலைவர் ஃப்யூரி, கைவிடப்பட்டிருந்த குழுத் திட்டத்தை மறுபடி கையிலெடுக்கிறார்.

கதை மூன்று பகுதிகளாக நகர்கிறது: திரட்டல், பிளவு, போர். முதல் பகுதி ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் போய் அழைக்கிறது. கொல்கத்தாவில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டு ஒளிந்து வாழும், ஹல்க்காக மாறும் புரூஸ் பேனரை உளவாளி நடாஷா ரொமனாஃப் தேடிப்போவது இதில் ஒரு பகுதி. அந்தக் கொல்கத்தா நியூ மெக்சிகோவில் உருவாக்கப்பட்டது. இரண்டாம் பகுதி பெரும்பாலும் ஹெலிகேரியர் என்னும் பறக்கும் கப்பலுக்குள் நடக்கிறது. மூன்றாம் பகுதி நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருக்களில்.

மூன்றில் கனமானது நடுப்பகுதிதான். வழக்கமான சாகசப் படத்தில் இடைவெளியை நிரப்பும் இந்தப் பகுதியில்தான் இங்கே கதையின் உண்மையான மோதல் நடக்கிறது. வெளிப்பகைவன் கூண்டுக்குள் அடைபட்டிருக்கிறான். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்ப மறுக்கிறார்கள்.

ஆறு பேர், ஆறு குணம்

அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் (ராபர்ட் டவுனி ஜூனியர்) செல்வமும் அறிவும் கிண்டலும் சேர்ந்தவர், கட்டளைக்குக் கட்டுப்படாதவர். கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ் (கிறிஸ் எவன்ஸ்) இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் படைவீரர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பனியில் உறைந்திருந்து விழித்தவர், ஒழுங்கை நம்புபவர். இந்த இருவரின் உரசல்தான் குழுவின் அச்சாணி. கவசத்தைக் கழற்றிவிட்டால் ஸ்டார்க் யார், பிறருக்காகத் தன்னையே பலி கொடுக்கத் துணிவாரா என்று ராஜர்ஸ் கேட்கிறார். ராஜர்ஸிடம் இருக்கும் சிறப்பெல்லாம் சோதனைக்கூடக் குப்பியிலிருந்து வந்தது என்று ஸ்டார்க் திருப்பிக் கொடுக்கிறார். இறுதியில் மன்ஹாட்டனை நோக்கி ஏவப்பட்ட அணுகுண்டு ஏவுகணையை ஸ்டார்க் தோளில் தாங்கி விண்வாயிலுக்குள் கொண்டுபோவது, அந்தக் கேள்விக்கான பதில்.

தோர் (கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்) குழுவில் சேர்வதற்கான காரணம் குடும்பம் சார்ந்தது. மற்றவர்களுக்கு எதிரியாக இருப்பவன் அவனுக்குத் தம்பி. வீட்டுப் பிரச்சினையை வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ள விரும்பும் அண்ணனாகவே அவன் முதலில் வருகிறான். அதனால்தான் காட்டில் ஸ்டார்க்குடனும் ராஜர்ஸுடனும் மோதுகிறான். அவனுடைய சுத்தியல் ராஜர்ஸின் கேடயத்தில் மோதும் அதிர்வில் சுற்றியிருந்த மரங்களெல்லாம் சாய்கின்றன. ஒரே பக்கத்தில் நிற்க வேண்டிய மூவர் முதலில் அளந்து பார்ப்பது ஒருவரையொருவர்தான்.

பேனர் வேடத்தில் 2003இல் எரிக் பானாவும் 2008இல் எட்வர்ட் நார்ட்டனும் நடித்திருந்தனர். இந்தப் படத்தில் மார்க் ரஃபலோ வந்தார். பேனராக நடித்தவரின் உடலசைவையும் முகபாவத்தையும் கருவிகளால் பதிவுசெய்து, அவற்றைக் கொண்டே ஹல்க்கையும் உருவாக்கியது இங்கே ஒரு முக்கிய மாற்றம். தளர்ந்த தோள்களும் கைகளைப் பிசையும் பழக்கமும் கொண்ட இந்தப் பேனர், தன்னைப் பார்த்துத் தானே கூசும் மனிதர். படத்தின் முற்பாதியில் ஹல்க் தோன்றுவதே இல்லை. எப்போது வெடிப்பாரோ என்ற அச்சமே அவர் இருக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் பதற்றம் தருகிறது. தாம் எந்நேரமும் கோபத்தில் இருப்பதுதான் தம் ரகசியம் என்று போர்க்களத்தில் அவர் வெளியிடும்போது, அந்தப் பதற்றம் ஆரவாரமாக மாறுகிறது.

பிளாக் விடோ எனப்படும் நடாஷாவிடமும் (ஸ்கார்லெட் ஜோஹான்சன்) பார்ட்டனிடமும் (ஜெரமி ரென்னர்) இயல்பு மீறிய ஆற்றல் எதுவும் இல்லை. நடாஷாவின் ஆயுதம் விசாரணை. அறிமுகக் காட்சியில் அவர் நாற்காலியில் கட்டப்பட்டு மிரட்டப்படுகிறார். ஆனால் தகவலைக் கறந்துகொண்டிருப்பவர் அவர்தான் என்று சற்றுக் கழித்துத் தெரிகிறது. அதே உத்தியைப் பின்னர் லோகியின் கூண்டுக்கு முன்னும் கையாளுகிறார். தன் பழைய பாவங்களைச் சொல்லி அவன் குத்தும்போது உடைந்துபோனவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெற்றிக் களிப்பில் அவன் வாய்விடுகிறான். ஹல்க்கைத் தூண்டிவிடுவதே அவன் திட்டம் என்பது வெளிப்படுகிறது. கண்ணீர் இருக்க வேண்டிய முகத்தில் அப்போது இருப்பது நிதானம். பொய்யில் வல்லவனான ஒருவனைப் பொய்யாலேயே வெல்பவர் இந்தக் குழுவில் இவர் ஒருவரே.

லோகி: தேர்ந்தெடுக்கப்பட்ட எதிரி

டாம் ஹிடில்ஸ்டன் ஏற்ற லோகி, ‘தோர்’ படத்தில் தான் ஒரு தத்துப்பிள்ளை என்ற உண்மையை அறிந்து மனம் கசந்த இளவரசன். இந்தப் படத்தில் அரியணை ஆசையுடன் பூமிக்கு வருகிறான். தனியாளாக மோதினால் இந்தக் குழுவை அவனால் தாக்குப்பிடிக்க முடியாது. ஸ்டார்க் டவரில் ஹல்க் அவனைக் காலைப் பிடித்துத் தரையில் மாறி மாறி அடித்துப் போடும் காட்சி இதை ஐயமில்லாமல் காட்டுகிறது. அவனுடைய பலம் வேறு. ஒவ்வொருவரின் புண்ணையும் அறிந்து அதில் விரல் வைப்பதில் அவன் தேர்ந்தவன்.

ஸ்டுட்கார்ட் நகரில் மக்களை மண்டியிட வைத்து அவன் ஆற்றும் உரை, சுதந்திரம் மனிதனுக்குச் சுமை என்ற வாதத்தை முன்வைக்கிறது. கூட்டத்தில் ஒரு முதியவர் மட்டும் எழுந்து நிற்கிறார். நிகழிடம் ஜெர்மனி என்பதால் அந்தச் செயலின் வரலாற்றுப் பொருள் விளக்கமின்றியே புரிகிறது. அவரைக் காக்கப் பாய்ந்து வருபவர் நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட ராஜர்ஸ். அங்கே லோகி பெரிதாக எதிர்க்காமல் சரணடைகிறான். கப்பலுக்குள் கைதியாக நுழைவதே அவன் நோக்கம். பிறரைத் தன் காலில் விழவைக்கத் துடிப்பவன், தானே கூண்டுக்குள் போய் உட்காரத் தயங்காதது அவன் கணக்கின் கூர்மையைக் காட்டுகிறது.

அவனுக்கு மேலே ஓர் எஜமானன் இருப்பதும் கவனிக்கத்தக்கது. பெயர்ப்பட்டியலுக்கு நடுவே வரும் காட்சியில் தானோஸ் முகம் காட்டுகிறான். ஆளப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் லோகி உண்மையில் இரவல் படையை நடத்தும் முகவன்.

ஆய்வகச் சண்டை

படத்தின் மையக் காட்சி ஹெலிகேரியரின் ஆய்வகத்தில் நடக்கிறது. ஷீல்டு அமைப்பின் கோப்புகளை ஸ்டார்க் திருட்டுத்தனமாகத் திறக்கிறார். ராஜர்ஸ் சேமிப்பறைக்குள் நுழைந்து, டெசராக்ட்டின் ஆற்றலில் இயங்கும் ஆயுதங்களைக் கண்டெடுக்கிறார். ஃப்யூரி உண்மையை மறைத்தது அம்பலமாகிறது. பூமிக்கு வந்து அழிவு விளைவித்த தோரின் உலகத்தைக் கண்ட அச்சமே அதற்குக் காரணம் என்று ஃப்யூரி சொல்ல, பழி தோர் பக்கம் திரும்புகிறது. ஒவ்வொருவரின் குற்றச்சாட்டிலும் நியாயம் இருப்பதுதான் இந்தச் சண்டைக்கு வலுவூட்டுகிறது.

குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது கேமரா தலைகீழாகச் சுழன்று, மேசைமேல் கிடக்கும் லோகியின் செங்கோலை முன்னிலைப்படுத்துகிறது. சண்டையின் உச்சத்தில் பேனர் பேசுவதை நிறுத்துகிறார். அவர் கையில் செங்கோல் இருப்பதை ராஜர்ஸ் சுட்டிக்காட்டிய பிறகே அவர் அதைக் கவனிக்கிறார். எப்போது எடுத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. கோபம் அவர்களுடையதா, செங்கோல் ஏற்றியதா என்ற கேள்வியைப் படம் விடுவிக்காமல் விடுகிறது. பதில் எதுவானாலும், ஊதிப் பெரிதாக்குவதற்கு அங்கே ஏற்கெனவே தணல் இருந்தது.

அடுத்த நொடி பார்ட்டனின் அம்பு கப்பலின் இயந்திரத்தைத் தகர்க்கிறது. ஹல்க் வெடித்துக் கிளம்புகிறான். ஸ்டார்க்கும் ராஜர்ஸும் சற்று முன் கைகலப்புக்குத் தயாரான நிலையிலேயே இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஓடுகிறார்கள்: ஒருவர் சுழலிக்குள் புகுந்து தள்ள, மற்றவர் நெம்புகோலருகே காத்திருக்கிறார். ஒத்துழைப்பு உணர்ச்சிப் பெருக்கால் வராமல் வேலையின் அவசரத்தால் வருகிறது.

இந்தத் தாக்குதலில் ஷீல்டு அதிகாரி ஃபில் கோல்சன் லோகியின் கையால் கொல்லப்படுகிறார். அவர் ஆசையாகச் சேர்த்த கேப்டன் அமெரிக்கா அட்டைகளை இரத்தக்கறையுடன் ஃப்யூரி மேசைமேல் வீசுகிறார். அவை கோல்சனின் பெட்டகத்தில் இருந்தவை, சட்டைப்பையில் இல்லை என்று பின்னர் ஷீல்டு அதிகாரி மரியா ஹில் சுட்டிக்காட்டுகிறார். குழுவைச் சேர்க்க ஃப்யூரியும் சூழ்ச்சியைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். பிரிப்பவனுக்கும் சேர்ப்பவருக்கும் கருவி ஒன்றே என்று காட்டும் இந்தச் சிறு உரையாடல், படத்தின் கூர்மையான எழுத்துகளில் ஒன்று.

போர்க்களமும் படமாக்கமும்

நியூயார்க் போர் அரை மணி நேரத்துக்கு நெருக்கமாக நீள்கிறது. ஆறு பேரும் வட்டமாக முதுகு சேர்த்து நிற்க, கேமரா அவர்களைச் சுற்றி வருகிறது. பிறகு ராஜர்ஸ் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்: பார்ட்டன் கூரைமேல் கண்காணிப்பு, ஸ்டார்க் எல்லைக் காவல், தோர் வாயிலை மின்னலால் அடைப்பது, தரையில் தாமும் நடாஷாவும், ஹல்க்குக்கு நொறுக்கும் வேலை. யார் எங்கே நிற்கிறார்கள் என்ற தெளிவு பார்வையாளருக்கு இங்கேயே கிடைத்துவிடுவதால், பின்வரும் குழப்பத்தில் அவர்கள் தொலைந்துபோவதில்லை.

இதன் உச்சம் கணினியால் இணைக்கப்பட்டு வெட்டில்லாமல் ஓடும் ஒரு காட்சித்துண்டு. எதிரியின் பறக்கும் ஊர்தியில் நடாஷா, அருகே பறக்கும் ஸ்டார்க், அவருடைய கதிரைக் கேடயத்தில் வாங்கித் திருப்பிவிடும் ராஜர்ஸ், கூரையில் பார்ட்டன், அவருடைய அம்பைத் தொடர்ந்து போனால் பிரம்மாண்ட விலங்கின் முதுகில் ஹல்க்கும் தோரும் என்று அது ஒரே மூச்சில் ஆறு பேரையும் தொட்டு முடிகிறது. அந்த விலங்கு கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்குள் விழுந்து அடங்கியதும் ஹல்க் பக்கத்தில் நிற்கும் தோரை ஒரு குத்து விடுகிறான். ஒற்றுமை வந்த பிறகும் பழைய கணக்கு முழுதாகத் தீரவில்லை.

படப்பிடிப்பு 2011 ஏப்ரலில் தொடங்கி நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியிலும் ஓஹையோவின் கிளீவ்லாந்திலும் பெரும்பகுதி நடந்தது. கிளீவ்லாந்து தெருக்கள் நியூயார்க்காகவும் ஸ்டுட்கார்ட்டாகவும் வேடமிட்டன. நியூயார்க்கில் படமாக்கியது சொற்ப நாட்களே. எஞ்சிய மன்ஹாட்டனை இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் புகைப்படங்களைக் கொண்டு கணினியில் எழுப்பியது. ஒளிப்பதிவாளர் ஷேமஸ் மெக்கார்வி வழக்கமான அகலத்திரையைத் தவிர்த்து, உயரம் கூடிய 1.85:1 சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தார். நெடிய ஹல்க்கும் குள்ளமான மனிதர்களும் வானளாவிய கட்டடங்களும் ஒரே சட்டகத்தில் அடங்க வேண்டும் என்பது காரணம். இசையமைப்பாளர் ஆலன் சில்வெஸ்ட்ரி. தனி நாயகர்களின் இசைக்குமேல் குழுவுக்கென அவர் அமைத்த கருப்பொருள் இசை, அடுத்தடுத்த படங்களிலும் தொடர்ந்தது.

ஷவர்மா கடையில் களைப்புடன் பேச்சில்லாமல் உண்ணும் கடைசித் துணுக்கு, 2012 ஏப்ரலில் ஹாலிவுட் முதல் காட்சி முடிந்த பிறகு படமாக்கப்பட்டது. வேறொரு படத்துக்காகத் தாடி வளர்த்திருந்த எவன்ஸ், முகவாய்க்குச் செயற்கை ஒப்பனை போட்டுக்கொண்டு முகத்தைக் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவுக்கு முன்பே படம் வெளியான நாடுகளின் பிரதிகளில் இந்தத் துணுக்கு இல்லை.

குறைகள்

சிட்டௌரி படைக்கு முகமோ குறிக்கோளோ இல்லை. சுட்டுத்தள்ள வசதியான கூட்டமாகவே அது வருகிறது. தாய்க்கப்பல் அழிந்ததும் அத்தனை வீரர்களும் சாய்ந்துவிழுவது திரைக்கதையின் வசதிக்காக வைத்த முடிவு. பார்ட்டன் பாதிப் படம் வசியத்தில் கழிப்பதால் அவருடைய குணத்துக்கு இடம் கிடைக்கவில்லை. காமிக்ஸின் முதல் குழுவிலேயே வாஸ்ப் இருந்தும் படத்தின் ஆறு பேரில் பெண் ஒருவர்தான். அவருக்கான தனிப்படம் 2021 வரை காத்திருந்தது. இடிந்து விழும் மன்ஹாட்டன், 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவை எழுப்பினாலும், பொதுமக்களின் இழப்பைப் படம் செய்தித் துணுக்குகளோடு கடந்துவிடுகிறது. அந்த இழப்பைப் பின்னர் ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ (2016), ‘ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்’ (2017) போன்ற படங்கள் கதைக்கருவாக எடுத்துக்கொண்டன.

வசூலும் வழித்தோன்றல்களும்

சுமார் 22 கோடி டாலரில் உருவான படம் உலகெங்கும் 150 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 20 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் இதுதான். ‘அவதார்’, ‘டைட்டானிக்’ ஆகியவற்றுக்கு அடுத்து, அன்றைய நிலையில் மூன்றாவது பெரிய வசூல். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. விருது ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்குப் போனது. ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ (2015), ‘இன்ஃபினிட்டி வார்’ (2018), ‘எண்ட்கேம்’ (2019) எனத் தொடர்ந்த வரிசையில் கடைசிப் படம் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது. அதன் தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தனர்.

பிற நிறுவனங்களும் இதே வழியில் இறங்கின. 2017இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’, தனிப்படம் காணாத மூன்று நாயகர்களைக் குழுவுடன் சேர்த்தே அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. எதிர்பார்த்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை. முன்னோட்டப் படங்கள் இல்லாததே தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஜேம்ஸ் கன் இயக்கிய ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ (2014) எந்த முன்னறிமுகமும் இல்லாத ஐந்து பேரை வைத்தே வென்றது. அதிலும் குழுவினர் முதலில் சந்திப்பது ஒருவரையொருவர் பிடித்துக்கொடுக்கும் முயற்சியில்தான். உறுப்பினர்களுக்குள் மோதக் காரணமும், அந்த மோதலைக் கடந்து சேரக் கட்டாயமும் இருந்தால் குழுப்படம் நிற்கிறது. ஆற்றல்களின் பட்டியலும் பாத்திரங்களின் எண்ணிக்கையும் அதற்கு ஈடாவதில்லை.